நத்தைக்கு ஏது பில்?

போன டிசம்பரில் ஒரு ராத்திரி, காந்தலில் இருக்கும் அக்காவிடமிருந்து போன். பெரியம்மா மகள். வயது அறுபத்தாறு, தனியாக இருக்கிறாள்.

"தம்பி, ஹீட்டர் ஷாக் அடிக்குதுடா!"

ஊட்டி டிசம்பரில் ரூம் ஹீட்டர் ஆடம்பரம் இல்லை. அது இல்லாவிட்டால் அக்காவுக்கு மூட்டுவலியில் தூக்கமே வராது. பார்க்க வந்த பழைய சிநேகிதி ஒருத்தி, ஊட்டியிலேயே ஒரு கடையில் வாங்கி, விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கலர் பேப்பர் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பத்தே நாளில் இந்தக் கூத்து!

மறுநாள் அக்கா ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள்.

"பில் இருக்காம்மா?"

"எனக்குப் பரிசா வந்ததுப்பா."

"அப்ப வாங்கினவங்களை வரச் சொல்லுங்க. நாங்க உங்களுக்கு விக்கலையே!"

சிநேகிதிக்கு போன் செய்து பில் கேட்கச் சொன்னேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "ஆசையா குடுத்தவகிட்ட போய் பில் கேட்டா, மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகாதா?" ஹீட்டர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

'நாங்க உங்களுக்கு விக்கலையே!' கடைக்காரர் சொன்ன இந்த ஒற்றை வரி என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. பி.காம். படித்தபோது மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் ஒரு நத்தை வரும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, மறந்தே போயிருந்த நத்தை!

1928, ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்கிற ஊர். கிளாஸ்கோவிலிருந்து வந்த மே டோனஹியூ என்ற பெண், தோழியோடு ஒரு சிறிய காபி கடைக்குப் போகிறார். காசு கொடுப்பது தோழி. மேக்கு ஐஸ்க்ரீமும், அதன் மேல் ஊற்றிக்கொள்ள ஜிஞ்சர் பீரும் வருகிறது. ஜிஞ்சர் பீர் என்றால் நம் ஊர் இஞ்சி சோடாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பாட்டில் அடர்ந்த பழுப்பு நிறம். உள்ளே இருப்பது தெரியாது.

பாதியை ஊற்றிச் சாப்பிட்டாயிற்று. மிச்சத்தைத் தோழி சாய்க்கிறார். அழுகிப்போன நத்தை ஒன்று மிதந்து வெளியே வந்தது என்கிறார்கள்! மேக்கு வயிறு கெட்டு, ஆஸ்பத்திரி வரை போக வேண்டியதாயிற்று.

நஷ்ட ஈடு கேட்கலாம்தானே? அங்கேதான் சிக்கல். கடைக்காரரோடு வியாபார ஒப்பந்தம் செய்தவர் காசு கொடுத்த தோழி. அவருக்கோ உடம்புக்கு ஒன்றுமில்லை. நோய் வந்த மேயோ ஒன்றும் வாங்கவில்லை. அது அவருக்கு வந்த பரிசு! அன்றைய சட்டப்படி, பொதுவாக ஒப்பந்தம் இல்லாதவர் கேள்வி கேட்க முடியாது. 'நாங்க உங்களுக்கு விக்கலையே!'

வால்டர் லீச்மன் என்ற வழக்கறிஞர் இதைக் கையில் எடுத்தார். அதே ஜிஞ்சர் பீர் பாட்டிலில் செத்த எலி கிடந்ததாகப் போட்ட வழக்குகளில் அப்போதுதான் தோற்றிருந்தவர். அடுத்த சில வாரங்களிலேயே, 1929 ஏப்ரலில், 500 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். கடைக்காரர் மீது அல்ல, பாட்டிலை நிரப்பிய டேவிட் ஸ்டீவன்சன் மீது!

எடின்பரோவில் தோல்வி. அடுத்தது லண்டன், பிரபுக்கள் சபை. செலவுக்கு எங்கே போவது? தன் சொத்தெல்லாம் சேர்த்தாலும் ஐந்து பவுண்டு தேறாது என்று சத்தியம் செய்து, ஏழை என்ற தகுதியில் அப்பீல் செய்தார் மே.

1932, மே 26. தீர்ப்பு. மூன்று நீதிபதிகள் மே பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஓட்டு! அட்கின் பிரபு பைபிளின் நல்ல சமாரியன் கதையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்தார். எனக்கு அயலான் யார்? என் செயலால் யாருக்குப் பாதிப்பு வரும் என்று நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டுமோ, அவர்தான் என் அயலான். பாட்டிலை நிரப்புகிறவருக்கு, அதைக் குடிக்கப் போகிறவர் அயலான். காசு யார் கொடுத்தார் என்பது பிரச்னையே இல்லை.

ஒரு வேடிக்கை. நத்தை நிஜமாகவே பாட்டிலில் இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. விசாரணை நடப்பதற்குள் ஸ்டீவன்சன் இறந்துவிட, வழக்கு 200 பவுண்டுக்கு சமரசமானதாகச் சொல்கிறார்கள்.

மேயின் வழக்கு உடம்புக்கு வந்த கேட்டைப் பற்றியது. பொருளை மாற்றித் தருவது வேறு விஷயம். நம்மூரில் அதற்கு ஆதாரமாக இருந்த 1930-ம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம், விற்பவர், வாங்குபவர் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசியது. மூன்றாவது ஆளுக்கு முறையாக நாற்காலி போட்டது, 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே என்றது. பரிசாகக் கொடுத்ததை விடப் பெரிய சம்மதம் உண்டா?

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டம் இன்னும் இரண்டு படி மேலே போனது. பில் தராமல் விற்பது தவறு. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் தவறு. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணுக்கு போன் செய்தும் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. சட்டம் பக்கத்தில் நின்றாலும், பொருள் அந்தக் கடையில் வாங்கியதுதான் என்று காட்டியாக வேண்டும். பில் இல்லையென்றால் வேறு ஆதாரம் வேண்டும்.

அக்காவுக்குத் தெரியாமல் சிநேகிதிக்கு நானே போன் செய்தேன். பில்லை அவர் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார். ஆனால் பணம் கட்டியது செல்போனில்! தேதி, தொகை, கடை பெயர் எல்லாம் பத்திரமாக இருந்தது. அந்தப் படத்தையும் 30 நாள் கணக்கையும் காட்டியதும், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு ஹீட்டர் கொடுத்தார்.

அன்று சாயந்திரம் சிநேகிதி அக்காவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாளாம்.

"பில் கேட்டா நான் கோவிச்சுக்குவேன்னு நினைச்சியா? நான் குடுத்த பொருளால உனக்கு ஏதாவது ஆகியிருந்தா, அப்புறம் நான் எப்படிடி தூங்குவேன்?"

அட்கின் பிரபு பக்கம் பக்கமாக எழுதியதும் இதைத்தான்!

அடுத்த முறை பரிசு கொடுக்கும்போது ஸ்டிக்கரைச் சுரண்டுங்கள், தப்பில்லை. பில்லை மட்டும் மடித்து ஒரு கவரில் போட்டு, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.