துறையில் நின்று குறி பார்த்தவர்கள்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் உள்ள, தொடக்க வரிகள் சிதைந்துபோன தமிழ்ச் சாசனமொன்று, பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கி நிற்பதென்பதும், அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டாரென்பதும் ஈழத்துச் சரித்திரம் பயின்றோர் அறிந்த விஷயங்களே. பரதேசங்களிலிருந்து வரும் வணிகர் ஊராத்துறைக்கே வந்து தங்க வேண்டும். அங்கே அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் சேர வேண்டும். வேறு வாணிபச் சரக்கு ஏற்றிவரும் கலம் உடைந்தால் அரசும் உடையவனும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வாணையின் சாரம். இந்த நியதி கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதாகச் சாசனமே கூறுகிறது. அதில் வரும் ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையே என்பதில் ஆராய்ச்சியாளரிடையே பெரிய அபிப்பிராய பேதம் இல்லை.

யானை குதிரைகளுக்கு மட்டும் அரசன் கால் பங்கோடு திருப்தியடைந்தது தயையினாலன்று. அவ்விலங்குகள் தன் படைக்கு வேண்டியிருந்தன, அவற்றைக் கொண்டுவரும் வணிகனை அச்சுறுத்தி வேறு துறைக்கு விரட்டிவிட அவன் விரும்பவில்லை. பொலநறுவை மன்னன் தன் ஆணையைத் தமிழில் வெட்டுவித்ததற்கும் இத்தகைய உலகியல் காரணமே இருந்திருக்கும். இக்கடலில் கலம் செலுத்தி வந்த வணிகர் வாசித்து விளங்கக்கூடிய பாஷை அதுவாயிருந்தது. எனினும், காரணம் எதுவாயினும், துறையில் அதிகாரம் செலுத்தியவன் எவ்வளவு எடுக்கலாம், எதற்குமேல் கைவைக்கலாகாது என்ற வரம்பை, அந்த அதிகாரத்துக்கு உட்படப் போகிறவன் முன்கூட்டியே அறிந்துகொள்ளும்படி கல்லில் நிறுத்தினான் என்பது, எண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தியாகும். ஏனெனில் அதற்குப் பிந்திய காலங்களில் தீவுப்பகுதியின் துறைகளில் நின்று வருவோரையும் போவோரையும் அடையாளங் கண்டு குறித்துக்கொண்டவர்கள் பலராயினும், தம்முடைய கைக்கு எல்லை வகுத்து எழுதிவைத்தவர்கள் மிகச் சிலரே.

போர்த்துக்கேயர் இந்துசமுத்திரத்தில் தம் அநுமதிச் சீட்டின்றி ஓடும் கலங்களைக் கைப்பற்றும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் அவர்கள் எழுப்பிய கோட்டை, 1658இல் ஒல்லாந்தர் வசமாகியபின் ஹம்மன்ஹீல் என்று பெயர் பெற்று, உட்கடலுக்குள் நுழையும் தோணி ஒவ்வொன்றையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டது. வன்னியில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் வந்து, இத்துறையிலிருந்தே கப்பலேற்றப்பட்டன. ஒல்லாந்தரும் சீட்டு வழங்குவதைக் கைவிடவில்லை. தீவுகளுக்கு வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட் என்று தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். இவற்றுள் நெடுந்தீவின் பெயர் மட்டுமே ஆங்கில வழக்கில் இன்றளவும் நிலைத்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் அடையாளம் பார்க்கும் உத்தியோகம் பெரும்பாலும் ஊர்க்காரர் கையிலேயே இருந்தது. மணியகாரர், உடையார், விதானையார் என்ற அடுக்கில் கடைசிப் படியில் நின்ற விதானையாருக்கு, எந்த வளவில் யார் குடியிருக்கிறார், எந்தத் தோணியில் எவர் புதிதாய் வந்திறங்கினார் என்பது ஏட்டைப் பாராமலே தெரிந்திருந்தது. 1963இல் அப்பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தபின்னும் சனங்கள் அவரை விதானையார் என்றே அழைத்து வருகிறார்கள். மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் இக்காலத்து நிர்வாகத்தை விளக்கும் நல்ல உதாரணம். வேலியற்ற வெளிகளில் மாடுகள் காலாறத் திரியும் தீவுகளில், சொந்தக்காரனின் பெயரெழுத்துகளை இரும்புக் கம்பியில் வளைத்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, காலைக் கட்டிச் சரித்த மாட்டின் தொடையில் வைத்தெடுப்பார்கள். சுட்ட புண்ணுக்கு எண்ணெய் பூசி விட்டால், தோல் ஆறியபின் மயிர் முளையாத தழும்பாக எழுத்து நிற்கும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும் மாட்டுச் சீட்டையும் ஒழுங்குபடுத்திற்று. களவுபோன மாடு அகப்பட்டால் குறியும் சீட்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பார்கள், ஒத்துவராவிட்டால் விசாரணை. களவில்லாத நாட்களில் எந்த மாடு எந்த வெளியில் மேய்ந்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. துவிச்சக்கர வண்டிக்கு உள்ளூராட்சிச் சபை ஆண்டுதோறும் வரி பெற்றுக் கொடுத்த சிறு தகடும் அவ்வாறே. வரி கட்டியதற்கு அது அத்தாட்சி, அவ்வளவே.

மோட்டார் வாகனத்தின் இலக்கத் தகடும் தொடக்கத்தில் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் 1957இல் சிங்கள 'சிறீ' எழுத்தைத் தாங்கிய தகடு நடைமுறைக்கு வந்ததும், ஒரு சிறு தகரத்துண்டு அரசியற் சாசனத்தைப்போல் வாசிக்கப்படத் தொடங்கிற்று. தமிழரசுக் கட்சித் தொண்டர்கள் தார் வாளியும் தூரிகையுமாகத் தெருவிலிறங்கி, சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் எழுத்தை வரைந்தனர். 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் வண்டிகள் அவ்வெழுத்தோடு வடக்கே வந்தபொழுது கிளர்ச்சி உக்கிரமாயிற்று. அதற்கு எதிரொலியாகத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தாருக்கு இரையாயின. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆந் தேதி பண்டாரநாயக்கா-செல்வநாயகம் உடன்படிக்கை கைவிடப்பட்டதையும், மே மாதத்தில் மூண்ட கலவரத்தையும் எல்லாரும் அறிவர். அந்தக் கிளர்ச்சியை எழுத்துப் பித்து என்று எள்ளி நகையாடியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தகடு வாகனத்தின் பெயர் மாத்திரமன்று. தன் செலவில் வாங்கிய வண்டியின் முகத்தில் அரசு எழுதிவைக்கும் ஒன்றைத் தெருவெங்கும் சுமந்து திரியக் கட்டாயப்படுத்தப்பட்ட பிரஜை, அதில் என்ன எழுதப்படுகிறது, யார் அதை என்ன நோக்கத்தோடு வாசிக்கிறார் என்று கேட்க உரிமையுடையவன். பின்னாளில் சிறீ நீங்கி வெறும் எண்கள் வந்தன. 2000க்குப் பின் ஆங்கில எழுத்துகளும் மாகாணக் குறியும் வந்தன. அண்மையில் மாகாணக் குறியும் கழிந்தது.

இதற்கிடையில் கடலோரத்தில் வேறொரு பார்வை பலமடைந்து கொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து அநுமதியின்றி வந்திறங்குவோரைத் தடுக்க 1952இல் கடற்படைக்குத் துணையாகத் தரைப்படையை ஈடுபடுத்தித் தொடங்கப்பட்ட நடவடிக்கை, 1963இல் தனிச் செயலணியாக விரிந்து 1981 வரை நீடித்தது. காங்கேசன்துறை முதல் நெடுந்தீவு வரையிலான கரையோரச் சனங்களுக்கு, இருள் பிரியுமுன் கரைக்கு வந்தவன் மீனவனா கள்ளத்தோணியா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சீருடைக்காரனிடம் போய்ச் சேர்ந்ததும், 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டை சட்டைப்பையின் நிரந்தர வாசியானதும் ஏறக்குறைய ஒரே காலத்து நிகழ்ச்சிகள். பிறகு யுத்தம். 1985 மே 15ஆந் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பிரயாணிகள் கொலையுண்டதும், 1990இல் தீவுப்பகுதி படையினர் கைக்கு வந்து குடிகள் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்ந்ததும் இங்கே விரித்துரைக்க வேண்டாதபடி நினைவில் உள்ளவை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளிடம் ஒரு காலம், இராணுவத்திடம் ஒரு காலம் பாஸ் பெறவேண்டியிருந்தது. சீட்டின் தலைப்பு மாறிற்றேயன்றி வரிசை மாறவில்லை.

சோதனைச்சாவடியில் நடந்ததை அறியாத இளந்தலைமுறைக்காகச் சற்று விவரிக்கிறேன். இறங்குதுறைக்கு முன்னால் தகரக் கொட்டில், கொட்டிலுக்குள் மேசை, மேசையில் ஓரங்கள் சுருண்ட தடித்த கொப்பி. பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த ஊர், யாரைப் பார்க்கப் போகிறாய், எப்பொழுது திரும்புவாய் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதும் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாததால், பெயர்கள் உச்சரிப்பு மாறிக் கொப்பியிலே புதுப்பிறவி எடுக்கும். அந்தக் கொப்பி நிறைந்தபின் எங்கே போயிற்று, எத்தனை ஆண்டு காக்கப்பட்டது, எவர் புரட்டிப் பார்த்தார் என்று கேட்கத் துணிந்தவர் எவருமில்லை. ஆயினும் எழுதியவனின் முகம் தெரிந்தது. அவன் அலுத்துப்போய்க் கையசைத்து அனுப்பிய நாட்களும் இருந்தன. அதனினும் கொடியது சுற்றிவளைப்பு நாட்களில் வரிசையாக நிறுத்தப்பட்டவர்களின் எதிரே முகமூடியிட்டு இருத்தப்பட்ட தலையாட்டி. அவன் தலை அசைந்தால் போதும். ஏன் அசைந்தது என்று அவனிடமும் கேட்க முடியாது, அவனை நிறுத்தியவரிடமும் கேட்க முடியாது.

வாகன இலக்கத் தகட்டைத் தானே வாசிக்கும் பொலிஸ் கமராவைப் பற்றி அறிந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தலையாட்டிதான். 1976இல் பிரிட்டிஷ் பொலிஸின் விஞ்ஞான ஆராய்ச்சிப் பிரிவில் பிறந்த இக்கருவி, கடந்து செல்லும் ஒவ்வொரு தகட்டையும் படம்பிடித்து, எழுத்தையும் எண்ணையும் பிரித்து, தேடப்படும் வாகனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் எச்சரிக்கை ஒலிக்கிறது. பொருந்தாதவற்றையும், விதி தடுக்காவிட்டால், இடமும் நேரமும் சேர்த்துச் சேமித்துக்கொள்கிறது. களவுபோன வண்டியையும், அடித்துவிட்டு நில்லாமல் ஓடியவனையும் பிடிக்க இது பெரிதும் உதவும் என்பதை மறுக்க ஒருவராலும் ஆகாது. ஆனால் 2020இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து அவுரோரா நகரில், வேறொரு மாநிலத்தில் களவுபோன மோட்டார் சைக்கிளின் இலக்கமும் தம் காரின் இலக்கமும் ஒன்றாயிருந்த குற்றத்துக்காக, ஒரு குடும்பத்தின் சிறுமிகள் துப்பாக்கிமுனையில் தரையிற் கிடத்தப்பட்டனர். கருவி இலக்கத்தைச் சரியாகவே பொருத்திற்று. மாநிலத்தைப் பார்க்க வேண்டிய மனிதன் பார்க்கவில்லை.

இவ்வபாயங்களை உணர்ந்த தேசங்கள் விதி வகுத்திருக்கின்றன. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 மார்ச்சில், எல்லையும் நோக்கமும் வரையறுக்கப்படாத தகடு வாசிப்புக்கு இடங்கொடுத்த இரண்டு மாநிலச் சட்டங்களைச் செல்லாதவையாக்கிற்று. 2018இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, பட்டியலோடு பொருந்தாமல் உடனே அழிக்கப்படும் வாசிப்புங்கூட அந்த வாகனக்காரரின் உரிமையில் தலையிடுவதே என்று தீர்த்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், பொருந்தாத தகட்டின் பதிவு மூன்று நிமிஷத்துக்குள் அழிக்கப்பட வேண்டுமென்று சட்டம் இயற்றிற்று. அண்டை மாநிலமாகிய மெய்ன் 21 நாள் கொடுத்தது. மூன்று நிமிஷத்துக்கும் 21 நாளுக்கும் உள்ள வித்தியாசம் சாமானியமானதன்று. முன்னது களவு மாட்டைத் தேடும் கண். பின்னது, ஊரிலுள்ள மாடுகள் எல்லாம் மூன்று வாரம் எங்கெங்கே மேய்ந்தன என்று எழுதிவைக்கும் ஏடு. இலங்கையில் 2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் கமராப் பதிவைக் கொண்டு போக்குவரத்துக் குற்றங்களுக்கு நடவடிக்கை எடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும், அதன் பிரதான பகுதிகள் 2025இல் நடைமுறைக்கு வரவிருந்த தருணத்தில் பின்போடப்பட்டன.

கொழும்பில் ஒரு சந்தியில் நிற்கும் கமராவைத் தவிர்க்க வேறு பத்துத் தெருக்கள் உண்டு. தீவுப்பகுதியின் புவியியலோ வேறு. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை வாகனங்கள் யாழ்ப்பாண நகரத்துக்குத் தரைவழியே போக இருப்பது பண்ணைத் தாம்போதி ஒன்றே. நயினாதீவு, நெடுந்தீவு மக்களும் குறிகட்டுவானில் கரையேறி அதே வழியாகத்தான் வருகிறார்கள். அத்தாம்போதியின் தலைப்பில் ஒரேயொரு கம்பத்தில் ஒரேயொரு கமராவைப் பொருத்தினால், எந்த ஆசிரியை எத்தனை மணிக்குப் பாடசாலைக்குப் போனாள், எந்த வீட்டு வண்டி நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடிற்று, காணாமற்போனோருக்காக நகரத்தில் நடந்த போராட்டத்துக்கு எவரெவர் போய் வந்தனர் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் ஏடாகிவிடும். ஆகையால் இங்கே அழிக்கும் காலத்தை நாட்கணக்கில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை, நிமிஷக்கணக்கே நியாயம். பட்டியலில் ஓர் இலக்கத்தைச் சேர்ப்பவர் தம் பெயரையும் காரணத்தையும் எழுதிச் சேர்க்க வேண்டும். எச்சரிக்கை ஒலித்ததும் ஆயுதத்தை எடுக்குமுன் ஒரு மனிதன் தகட்டைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பொலிஸ் திரட்டியதைப் படையினர் கேட்டால் நீதவானின் கட்டளையின்றிக் கொடுக்கலாகாது. இவையாவும் தமிழிலும் சிங்களத்திலும் அக்கம்பத்திலேயே எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். இவ்விதி வராவிட்டால், கமராவுக்கு அகப்படாமல் நகரத்துக்குப் போக விரும்புகிற மோட்டார் சைக்கிள்காரன், ஊர்காவற்றுறையில் 'பாதை' என்று வழங்கும் மிதவையில் ஏறிக் காரைநகரில் இறங்கி, பொன்னாலைப் பாலத்தைக் கடந்து, அரை நாளைச் செலவழித்துச் சுற்றித்தான் போகவேண்டும். அங்கும் இரண்டாவது கம்பம் ஒன்று நாட்டப்படும்வரை.