மகோதரம்

ஆட்டையாம்பட்டியில், கல்லீரல் முற்றக் கெட்டு வயிறு வீங்கிய உறவினர் ஒருவரைக் காணச் சென்றபோது, வீட்டார் ‘கிட்னி போயிருச்சுங்க’ என்று வருந்தியது, நம் பாட்டிமார் வழங்கிய ‘மகோதரம்’ என்னும் சொல்லை எனக்கு நினைவூட்டிற்று. ‘மகா’வும் ‘உதர’மும் புணர்ந்த அவ்வடசொல்லுக்குப் பெருவயிறு என்பதே பொருள், வயிற்றையும் கருப்பையையும் ஒருங்கே குறித்த அந்த உதரமே ஒரு வயிற்றுப் பிறந்தாரைச் சகோதரராகவும், விநாயகரை லம்போதரராகவும், பீமனை விருகோதரனாகவும் ஆக்கிற்று, இராவணன் பக்கத்து அரக்கன் ஒருவனுக்குப் பெயராய் நின்ற மகோதரமோ, வைத்தியர் வாயில் வயிற்றில் நீர் கோக்கும் வியாதியாகப் பொருள் சுருங்கிற்று. கல்லீரல் இறுகும்போது வயிற்று இரத்தக் குழாய்கள் விரிந்து குருதி அங்கே தங்கிவிட, போதிய குருதி பெறாத சிறுநீரகம் தன் குழாய்களைச் சுருக்கி, உப்பையும் நீரையும் உடலிலேயே நிறுத்துகிறது; அச்சுருக்கம் முற்றினால் செயலும் இழக்கிறது. அவ்வாறு செயலிழந்த சிறுநீரகங்கள் பிறர் உடலில் பொருத்தப்பட்டபின் செவ்வனே இயங்கியதை 1969இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆதலின், மூலகாரணமான ஈரலை மறைக்கும் ‘கிட்னி’யைவிட மகோதரமே மெய்க்கு நெருங்கிய சொல், தமிழ்ச்சொல் வேண்டுவோர், ‘பெருவயிறு’ தொந்தியோடு மயங்குமாதலால், ‘நீர்ப்பெருவயிறு’ எனலாம், பிணியின் இருப்பிடத்தைப் பிழையறச் சொல்லுதல் பரிகாரத்தின் முதற்படி என்பது என் திடமான நம்பிக்கை.