கள்ளுக்கடையை மூடு!

போன வாரம் ரப்பர் தோட்டத்துக் கூலித் தகராறோடு நிறுத்திவிட்டேன். கோபம்தானே? வாருங்கள், மலாயாவின் கிள்ளானுக்குப் போவோம். 1941.

ஆர்.எச். நாதனை உங்களுக்குத் தெரியும். தமிழ் நேசன் பத்திரிகைக்காரர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் மூளை. தோட்டத்து ஆள்களின் கோரிக்கைகள் இப்போது பட்டியலாகிவிட்டன. சீனருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். பெண்கள் மேல் கைவைக்கக் கூடாது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

கூடவே இன்னொன்று.

கள்ளுக்கடையை மூடு!

கூலி கேட்டால் துரைக்குப் புரியும். தான் குடிக்கிற கடையை மூடச் சொல்பவனை என்ன செய்வது?

புலாவ் செபாங், தம்பின் பக்கம் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால், லயத்துக்குப் பக்கத்திலேயே கடை. லைசென்ஸ் அரசாங்கத்துடையது. கடை தோட்டத்துடையது. தோட்டம் கொடுத்த காசு தோட்டத்துக்கே திரும்பிவிடும்.

தப்பென்று தெரிந்தே மனிதன் ஏன் ஆசைக்குப் பணிகிறான்? கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர். குடிவெறியில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை என்று பிட்டகஸ் என்பவர் போட்ட சட்டத்தையும் அவர் குறிப்பிடுகிறார். அவருடைய குரு பிளேட்டோ சொன்னது வேறு. குடிக்கிற கூட்டத்துக்கு நிதானமுள்ள ஒருவர் தலைமை தாங்கட்டும், அங்கே அவரவர் குணம் வெளிப்பட்டுவிடும் என்றார்.

நல்ல யோசனைதான். தோட்டத்தில் அந்த நிதானமான ஆள் கல்லாவில் அல்லவா உட்கார்ந்திருந்தார்!

தொழிலாளிக்குத் தன்னைத் தெரியும். சாயங்காலத்து மனசை நம்ப முடியாது. அதனால்தான் தெளிவாக இருக்கும்போதே கதவைச் சாத்தச் சொன்னான். அந்தப் பட்டியலிலேயே துணிச்சலான கோரிக்கை இதுதான் என்பேன். மற்றதெல்லாம் துரையிடம் கேட்டது. இது தன்னிடமே கேட்டது.

துரைமார் அப்படிப் பார்க்கவில்லை. ஆள்கள் தலையில் ஏறிய காந்தி குல்லாவே அவர்கள் கண்ணை உறுத்தியது. இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஆள் என்று முடிவு கட்டினார்கள்.

மே மாதத் தொடக்கம். போலீஸ் வந்தது.

நாதன் கைது!

சேதி தோட்டம் தோட்டமாகப் பறந்தது. வெட்ட ஆளில்லாமல் மரங்கள் நின்றன. 'நாதனை விடு' என்று கூட்டம் திரண்டது. அரசாங்கம் அவரை நாடு கடத்தவே தீர்மானித்தது. வேலைநிறுத்தம் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கிள்ளானுக்குள் ராணுவம் இறங்கியது.

மே 16. துப்பாக்கி வெடித்தது.

விழுந்தவர்கள் எத்தனை பேர்? அடுத்த வாரம் சொல்கிறேன்.