தெள்ளுப்பூச்சிக் கடி வெறும் அரிப்பு மட்டுமல்ல: செல்லப்பிராணி வளர்ப்போர் அறிய வேண்டியவை

நாய், பூனைகளின் ரோமத்தில் வாழும் தெள்ளுப்பூச்சியைப் பலரும் அரிப்பு தரும் சிறு தொல்லையாகவே கருதுகின்றனர். ஆனால், இரத்தத்தை உறிஞ்சி வாழும் இப்பூச்சி, நாடாப்புழு முதல் டைபஸ் காய்ச்சல் வரை பல பாதிப்புகளை விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் ஏற்படுத்தக்கூடியது. இந்தியாவில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பிளேக் நோயும் எலிகளின் தெள்ளுப்பூச்சி வழியாகவே பரவியது.

அடையாளம் காண்பது எப்படி?

தெள்ளுப்பூச்சி பழுப்பு நிறமுடையது. சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கும். தெள்ளுப்பூச்சியோ ரோமத்திற்கிடையே விரைந்து ஓடும், தாவிக் குதிக்கும். பூச்சி கண்ணில் படாவிட்டால், ரோமத்தைச் சீவும்போது உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கலாம். அவை செம்பழுப்பு நிறமாகக் கரைந்தால், அது இரத்தம் கலந்த தெள்ளுப்பூச்சியின் எச்சமாகும்.

விலங்குகளுக்கு ஏற்படும் பாதிப்பு

தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீர் சில விலங்குகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அவற்றுக்குச் சில கடிகளே போதும். வாலின் அடிப்பகுதியிலும் முதுகிலும் ரோமம் உதிர்ந்து தோல் புண்ணாகிவிடும். நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளுக்கு அதிக அளவில் தொற்றினால், இரத்த இழப்பால் சோகை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஈறுகள் வெளிறிக் காணப்படுவது இதன் அறிகுறி. உடலை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடும் விலங்கின் குடலில் நாடாப்புழு வளரவும் வாய்ப்புண்டு. அரிசி போன்ற வெண்ணிறத் துண்டுகள் மலத்தில் காணப்பட்டால் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

மனிதர்களுக்கு ஏற்படும் பாதிப்பு

பெரும்பாலும் கணுக்காலிலும் காலின் கீழ்ப்பகுதியிலும் சிறு சிவந்த தடிப்புகள் தோன்றும். சொறிவதால் அவை புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம். செல்லப்பிராணியுடன் விளையாடும் சிறு குழந்தைகள் தெள்ளுப்பூச்சியைத் தற்செயலாக விழுங்கினால், அவர்களுக்கும் நாடாப்புழு தொற்றக்கூடும்.

பூனைகளுக்கிடையே தெள்ளுப்பூச்சியால் பரவும் பார்டோனெல்லா பாக்டீரியா, பூனை பிறாண்டும்போது மனிதர்களுக்குத் தொற்றி, காய்ச்சலையும் நெறிக்கட்டையும் உண்டாக்கும். எனவே, பூனை பிறாண்டிய இடத்தை உடனே சோப்பு நீரால் கழுவுவது அவசியம்.

எலித் தெள்ளுப்பூச்சியால் பரவும் டைபஸ் காய்ச்சல் இன்றும் இந்தியாவில் காணப்படுகிறது. பூச்சியின் எச்சத்திலுள்ள கிருமி, கடிபட்ட இடத்தைச் சொறியும்போது உடலுக்குள் நுழைகிறது. இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, சிலருக்குத் தோல் தடிப்பு ஆகியவை தோன்றும். பெயர் ஒத்திருப்பினும், இது அசுத்தமான உணவு, நீரால் பரவும் டைபாய்டு அன்று. மற்றொரு வகைப் பூச்சியால் பரவும் ஸ்க்ரப் டைபஸும் அன்று. உரிய மருந்தைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் குணப்படுத்தலாம். ஆகவே, காய்ச்சலுக்குச் சிகிச்சை பெறும்போது வீட்டில் எலித் தொல்லையோ தெள்ளுப்பூச்சிக் கடியோ இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

பிளேக் கற்பித்த பாடம்

1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் பரவியபோது, அது எவ்வாறு தொற்றுகிறது என்பது தெளிவாகவில்லை. 1898-இல் கராச்சியில் சோதனை நடத்திய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், எலியிலிருந்து எலிக்கு நோயைக் கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சியே எனக் காட்டினார். எலி இறந்ததும் பூச்சி அதை விட்டு நீங்கி, அருகிலுள்ள மனிதரைக் கடிக்கிறது.

1994-இல் மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்திலும், பின்னர் குஜராத்தின் சூரத் நகரிலும் பிளேக் அச்சம் மீண்டும் எழுந்தது. எலிகள் காரணமின்றிக் கூட்டமாகச் செத்து விழுந்தால் அவற்றை வெறுங்கையால் தொடாமல், சுகாதாரத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பிளேக் அபாயமுள்ள இடங்களில் முதலில் தெள்ளுப்பூச்சியை ஒழித்த பிறகே எலிகளைக் கொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

ஒழிப்பது எப்படி?

விலங்கின் உடலில் நாம் காண்பது ஒரு சிறு பகுதியே. ரோமத்தில் இடப்படும் முட்டைகள் உதிர்ந்து, படுக்கை, தரைவிரிப்பு, தரை இடுக்குகளில் பொரித்து வளர்கின்றன. கூட்டுப்புழு நிலையில் பல மாதங்கள் கூட அவை காத்திருக்கும். அக்கூட்டுக்குள் பூச்சிக்கொல்லி எளிதில் ஊடுருவாது. விலங்குக்கு மட்டும் மருந்திட்டால் தொல்லை மீண்டும் தலைதூக்குவதற்கு இதுவே காரணம்.

* வீட்டிலுள்ள எல்லாச் செல்லப்பிராணிகளுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை அளிக்க வேண்டும்.
* அவற்றின் படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்க வேண்டும்.
* தரை இடுக்குகளையும் சோபாவின் அடிப்பகுதியையும் அடிக்கடி சுத்தம் செய்து, குப்பையை உடனே கட்டி வெளியேற்ற வேண்டும்.
* பூச்சி குறைந்ததும் நிறுத்திவிடாமல், மருத்துவர் கூறும் காலம் வரை சிகிச்சையைத் தொடர வேண்டும்.
* நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது பூனையின் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு.
* குட்டிகளுக்கும் சினையுற்ற விலங்குகளுக்கும் கால்நடை மருத்துவரின் ஆலோசனையின்றி எந்த மருந்தும் இடக் கூடாது.