புகார் மனு போன தூரம்

1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, சென்னை மாகாணத்தில் தாசில்தாரையே போலீசுக்கும் தலைவராக்கியது. வரி தண்டியவரிடமே குற்றப் புகாரும் போயிற்று. அவருடைய ஆட்கள் மீதே புகார் என்றால், திருவண்ணாமலைக் குடியானவர் தென்னார்க்காடு கலெக்டரைத் தேடிக் கடலூர் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். தூரமும் செலவும் ஏழைகளின் வாயை அடைக்கின்றன என்பதை 1855இல் சித்திரவதைக் கமிஷன் பதிவு செய்தது. 1859இல் 24ஆம் சட்டம் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154ஆம் பிரிவு, வாய்மொழித் தகவலை நிலைய அதிகாரி எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கக் கட்டளையிட்டது. பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதில்லை. 1924 ஜூன் 26 இரவு ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்து ரமணரை அடித்தபோது, அவர் யார்மீதும் புகார் சொல்லவில்லை. சீடர் ஒருவர் ஊருக்குள் ஓடிச் சொன்னதில் போலீஸ் வந்தது. வராமல் போயிருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். 156(3) பிரிவின்படி அவர் புலன்விசாரணைக்கு உத்தரவிடலாம். 200ஆம் பிரிவின்படி தனிநபர் புகாராக நேரடியாகவும் விசாரிக்கலாம்.

1974 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இரண்டு உரிமைகளைச் சேர்த்தது: முதல் தகவல் அறிக்கையின் இலவச நகல், நிலையம் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் மனு. திருவண்ணாமலை 1911 முதல் வடார்க்காட்டில் இருந்ததால் அந்தத் தபால் வேலூருக்குப் போயிற்று. தனி மாவட்டம் அமைந்த 1989 செப்டம்பர் 30க்குப் பிறகே எஸ்.பி. அலுவலகம் உள்ளூருக்கு வந்தது.

தூரம் குறைந்தும் தடை தீரவில்லை. தமிழகக் காவல் நிலையங்களில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவது வழக்கம். எண்ணும் முத்திரையும் கொண்ட அந்தத் தாளை வழக்குப் பதிவு என்று நம்பி மாதக்கணக்கில் அலைபவர்கள் ஏராளம். அது மனு வந்ததற்கான சான்று மட்டுமே, எஃப்.ஐ.ஆர். ஆகாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ரசீதை நீட்டுவது மறுப்பதற்குச் சமமான அநீதி.

இதற்கான விடையை 2013 நவம்பர் 12இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்தது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தகவலிலேயே தெரிந்தால் பதிவு கட்டாயம். குடும்பத் தகராறு, வணிகம், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல் போன்றவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். தீர்ப்பளித்த ஐவர் அமர்வின் தலைவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான பி. சதாசிவம். உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவதற்கு முன் மாஜிஸ்திரேட்டை நாட வேண்டும் என்று 2007இல் சகிரி வாசு வழக்கும், மனுவுடன் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்று 2015இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கும் வகுத்திருந்தன.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. கிரிவலத்தில் நகையைப் பறிகொடுத்த ஆந்திர பக்தர் சொந்த ஊரிலேயே புகார் தரலாம். ஆனால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கும் அதே பிரிவு இடமளிக்கிறது. லலிதா குமாரி அடைத்த வாசல் இங்கே பாதி திறந்துவிட்டது. மறுப்புக்குப் பின் வழி மாறவில்லை: எஸ்.பி.க்கு மனு, பலனில்லையேல் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட். காவல் அதிகாரியின் விளக்கத்தையும் பார்த்த பின்பே அவர் 175(3) பிரிவின்படி விசாரணைக்கு உத்தரவிடுவார்.