செல்ஃபி எடுப்பது வியாதியா? மதுரை ஆய்வு உண்மையில் சொன்னது என்ன?

மாலை ஆறரை மணிக்கு ஹடப்சர் மகர்பட்டா சிட்டி பக்கம் போய்ப் பாருங்கள். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, கையை நீட்டி போனைப் பிடித்துச் சிரிக்கிறவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருத்திதான். ஒரு படம் போடுவதற்குப் பத்துப் பதினைந்து எடுப்பேன், எதுவும் பிடிக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். "இது என்னடி வியாதி?" என்று அம்மா போனில் கேட்பார்.

அந்த 'வியாதி'க்கு ஒரு பெயரே உண்டு: செல்ஃபைட்டிஸ். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அது வந்திருக்கலாம்.

2014-இல் கிளம்பிய கதை இது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் செல்ஃபி மோகத்தை மனநோயாக அறிவித்துவிட்டது என்று 'அடோபோ கிரானிக்கிள்ஸ்' என்ற நையாண்டித் தளம் எழுதியது. சும்மா கிண்டல். ஆனால் உலகமே நம்பியது.

மதுரை இங்கேதான் வருகிறது. தியாகராஜர் மேலாண்மைப் பள்ளியின் ஜனார்த்தனன் பாலகிருஷ்ணனும், பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் கிரிஃபித்ஸும் 'இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?' என்று பார்த்தார்கள். முதலில் 225 மாணவர்களிடம் குழுவாகப் பேசினார்கள். பிறகு 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கி 400 பேரிடம் சோதித்தார்கள். 2017-இல் கட்டுரை வெளியானது.

ஏன் செல்ஃபி எடுக்கிறோம் என்பதற்கு ஆறு காரணங்கள் கிடைத்தன: தன்னம்பிக்கை, கவனம் ஈர்ப்பது, மனநிலையை மாற்றிக்கொள்வது, இருக்கும் இடத்தை நினைவாக்கிக்கொள்வது, கூட்டத்தோடு ஒத்துப்போவது, மற்றவர்களோடு போட்டி. கவனியுங்கள், 'திமிர்' என்று வீட்டில் சொல்வது இதில் ஓரிரண்டுக்குத்தான் பொருந்தும்.

ஊடகங்கள் பிடித்துக்கொண்டது வேறு எண்களை. 34% பேர் ஆரம்ப நிலை, 40.5% தீவிர நிலை, 25.5% நாள்பட்ட நிலை. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 100. அதாவது 'ஒன்றுமில்லை' என்று ஒருவர்கூட இல்லை! இந்த மூன்று நிலைகளும் அந்த நையாண்டிச் செய்தியிலிருந்து எடுத்தவைதான். தினமும் ஆறு படத்துக்கு மேல் போட்டால் 'நாள்பட்ட' நிலை என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததே. இதை வைத்து 'நால்வரில் ஒருவர் நோயாளி' என்று எழுதுவது தப்பு. மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5, ஐசிடி-11 இரண்டிலும் செல்ஃபைட்டிஸ் கிடையாது.

சரி, அப்போ நம் முகம் ஏன் நமக்கே பிடிப்பதில்லை?

முதல் காரணம் கைநீளம். 2018-இல் ஜாமா குழும மருத்துவ இதழில் வந்த கணக்கு இது: 5 அடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு சுமார் 30% அகலமாகத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மூக்கைச் சரிசெய்யச் சொல்லி செல்ஃபியோடு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அறுவை சிகிச்சை நிபுணர்கள் இந்தக் கணக்கையே போட்டார்கள்.

இரண்டாவது, கண்ணாடி. தினமும் நீங்கள் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். 1977-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், பெண்களுக்குத் தங்களின் கண்ணாடி பிம்பம் அதிகம் பிடித்திருந்தது. அவர்களுடைய தோழிகளுக்கோ நேர்ப்படம்தான் பிடித்தது. பழகிய முகமே பிடிக்கிறது. 'கோணலா இருக்கேனே' என்று நீங்கள் அழிக்கும் படம், உங்கள் ரூம்மேட்டுக்கு நீங்கள் எப்போதும் போலத்தான் இருக்கும்.

இன்னொரு எண்ணையும் சொல்லியாக வேண்டும். 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கையில் உலகில் 259 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு செய்திகளிலிருந்து தொகுத்தது. அதில் 159 பேர் இந்தியர்கள். அணை, ரயில் பாதை, மலை முனை என்றால் போனை உள்ளே வையுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? படங்களின் எண்ணிக்கையை வைத்து அல்ல. முகத்தில் ஏதோ குறை என்ற நினைப்பே நாளில் பல மணி நேரத்தைத் தின்றால், அதனால் ஆபீஸ் மீட்டிங்கையோ நண்பர்களையோ தவிர்த்தால், அது உடல் தோற்றக் குறைபாட்டுக் கோளாறாக இருக்கலாம். இது உண்மையான நோய், சிகிச்சையும் உண்டு. அரசின் டெலி-மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை: போனை அலமாரியில் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். மூக்கைப் பாருங்கள்.