உப்புத்தாள்

“பட்டி பார்க்கிறதுக்கு முன்னாடி சுவரை நல்லா தேய்க்கணும் தம்பி. தேய்க்காம அடிச்சா ரெண்டே வருஷத்துல அப்பளம் மாதிரி பொரிஞ்சு வந்துடும்.”

பெயிண்ட் அடிக்க வந்த அண்ணன் சொல்லிவிட்டு, உப்புத்தாளை நாலாக மடித்து சமையலறைச் சுவரைத் தேய்க்கத் தொடங்கினார். 1980களில் அப்பா கட்டிய வீடு. மற்ற சுவர்களில் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும்தான். சமையலறையில் மட்டும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வசதியாக, இடுப்பு உயரத்துக்குப் பச்சை எனாமல். அரைமணி நேரத்தில் தரையெல்லாம் பச்சை மாவு. அடுத்த அறையில் பதினோரு மாத மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அம்மா துடைப்பத்தை எடுத்து ‘சர் சர்’ரென்று கூட்ட ஆரம்பித்தார்.

அந்தப் பச்சை மாவில் என்ன இருக்கிறது என்று அன்றிரவு தேடப்போய்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வெள்ளை பெயிண்ட் என்றாலே ஈய வெள்ளைதான். செய்முறை விசித்திரமானது. மண்பானைகளில் காடி ஊற்றி, மேலே ஈயத் தகட்டுச் சுருள்களை வைத்து, பானைகளைக் குதிரைச் சாணத்துக்குள் புதைத்து, கொட்டகையை மூடிவிடுவார்கள். சாணத்தின் சூடும் வாயுவும் காடியின் ஆவியும் சேர்ந்து சில வாரங்களில் ஈயத்தை வெள்ளைச் செதில்களாக அரித்துவிடும். அதை அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் பெயிண்ட். நன்றாக மூடும், வெயில் மழையைத் தாங்கும், சுலபத்தில் வெடிக்காது.

விலையை பெயிண்டர்கள் கொடுத்தார்கள். வயிற்றைப் பிசையும் வலி, மணிக்கட்டு தொங்கிப்போகும் வாதம். தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் புத்தகம் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமசினி, ஓவியர்களுக்கு என்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஆங்கிலத்தில் அந்த வயிற்றுவலிக்குப் பெயரே ‘பெயிண்டர் வலி’ என்றானது. 1840களில் லெக்ளேர் என்ற பாரிஸ் பெயிண்டிங் கான்ட்ராக்டர், தன் ஆட்கள் நோயில் விழுவதைப் பார்த்து, ஈயத்துக்குப் பதிலாகத் துத்தநாக வெள்ளையைக் கொண்டுவந்தார். அதாவது மாற்று அப்போதே இருந்தது. பிரான்ஸ் கட்டட வேலைகளில் ஈய வெள்ளையைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது 1909இல்தான்.

இதற்கிடையே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவரிடம், கண் நரம்பு செயலிழந்த குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் பெயிண்ட் அடிக்கிறவர்கள் இல்லையே, ஈயம் எங்கிருந்து வருகிறது? வீட்டிலிருந்து, என்று 1904இல் எழுதினார் கிப்சன். குயின்ஸ்லாந்து வெயிலில் வராந்தாக் கம்பிகளின் பெயிண்ட் பொடிந்து கையில் ஒட்டுகிறது. குழந்தை விரல் சப்புகிறது, நகம் கடிக்கிறது. அவர் கட்டுரைத் தலைப்பில் கம்பிகளோடு ‘பெயிண்ட் அடித்த அறைச் சுவர்களும்’ இருக்கின்றன. படித்ததும் எழுந்துபோய் மகளின் விரல்களைப் பார்த்தேன்.

1921இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. ரயில் நிலையங்கள், தொழிற்கூடங்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் என்னை நிறுத்தியது இன்னொரு விதி: உலர்ந்த நிலையில் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியைத் தடுக்க, முடிந்த இடங்களிலெல்லாம் நடவடிக்கை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது அதேதான். அதில் ஆபத்து இருக்கிறது என்று நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்!

அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஈய பெயிண்ட் நிறுவனமொன்று அங்கே குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்களையே விளம்பரமாக வெளியிட்டது. வீட்டு உபயோகத்துக்கான தடை 1978இல் வந்தது. பிறகு பழைய பெயிண்டை அகற்றும் வேலை. பால்டிமோரில் ஃபார்ஃபெல், சிசோம் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட முடிவு விபரீதமானது. தீயால் சுட்டும் உலர்வாகத் தேய்த்தும் ‘சுத்தம்’ செய்த வீடுகளில் ஈயத் தூசி முன்பைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. அங்கே வாழ்ந்த குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது. சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்த விஷத்தை, அகற்றுகிறேன் என்று போனவர்களே கிளப்பிவிட்டார்கள்.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுண்ணாம்புச் சுவர்களில் இந்தப் பிரச்சினை இல்லை. ஈயம் நம் வீடுகளுக்குள் நுழைந்தது எனாமல் வழியாக: கதவு, ஜன்னல், கிரில், பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் இடுப்பளவுக்கு அடித்த ஆயில் பெயிண்ட். பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயக் குரோமேட். அதில் நீலம் கலந்தால் பச்சை. சீக்கிரம் காய்வதற்குச் சேர்க்கும் பொருளிலும் ஈயம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது புது டப்பாக்களுக்கான விதி. அதற்கு முன்னால் அடித்த எனாமல் எல்லாம் இன்னும் நம் ஜன்னல்களில் இருக்கிறது, அடுத்த உப்புத்தாளுக்குக் காத்துக்கொண்டு.

மறுநாள் காலை மனைவியும் மகளும் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. “முப்பது வருஷமா இப்படித்தானே தேய்க்கிறேன்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “ராத்திரி வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்துனா, அன்னிக்குத் தேய்ச்ச வீட்டு கலர் வரும் தம்பி.”

தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரில் தேய்க்கலாம் என்றேன். “நேரம் ஆகும், சுவர் காயணும், ஒரு நாள் கூலி கூடும்” என்றார். கூலியைக் கூட்டினேன். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்கு நல்ல மாஸ்க், கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணி. நன்றாகப் பிடித்திருந்த இடங்களைச் சுரண்டவே இல்லை. ஈரம் வைத்து மினுமினுப்பை மட்டும் எடுத்துவிட்டு, மேலே பிரைமர் போட்டு மூடினோம். வேலை மூன்று நாள் இழுத்தது.

மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அண்ணனையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னேன், செலவு நான் தருகிறேன் என்றும் சொன்னேன். “எனக்கு எதுக்கு தம்பி? நாளைக்கு வேற வீடு இருக்கு” என்றார்.

பதினோரு மாதம் தூசிக்குப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சோதனை நடந்தது. முப்பது வருஷம் அதற்குள்ளேயே இருந்தவருக்கு நடக்கவில்லை. 1921இல் அந்த விதியை எழுதியபோது அவர்கள் மனதில் இருந்தது என் மகள் இல்லை, அவர்தான். மாஸ்க்கை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வீட்டில் அதைப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது.